துறைமுகத்துக்குத் தூர் எடுத்தவர்கள்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு முகப்பில் வைத்தே ஒரு கதை சொல்லப்படுகிறது. கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ ஆத்தங்குடியோ, எந்த ஊரானாலும் கதை ஒன்றுதான். நகரத்தார் ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் விட்டுச் செழித்திருந்தார்கள். ஒரே ராத்திரியில் சுனாமி வந்து ஊரைக் கொண்டுபோய்விட்டது. தப்பியவர்கள் இனிக் கடல் பக்கமே வேண்டாம் என்று இந்தச் செம்மண் பூமிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பயம் விடாததால்தான் வீட்டுக்கு இத்தனை படி, இத்தனை உயரம். கேட்பவர்கள் குனிந்து படிகளைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பட்டாலைக்குள் நுழைவார்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கடலுக்குப் பயந்தவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறியிருப்பார்களா? சுனாமிக்குப் பயந்து கட்டியதாகச் சொல்லப்படும் அதே வீட்டின் தூண்கள் பர்மாவிலிருந்து கடல்வழியாக வந்த தேக்கு. என் அப்பத்தா சொன்ன கதையில் கடலுக்குப் பங்கு குறைவு. "கடல் கொண்டுபோச்சு" என்று அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, ராசா செய்த கொடுமையைத்தான் நீட்டிச் சொல்வார். பூவந்திச் சோழன் குடிப்பெண்ணைக் கவர்ந்ததும், மானம் தாங்காமல் குடும்பம் குடும்பமாக உயிரை விட்டதும், மடத்தில் விட்டிருந்த சிறுவர்கள் மட்டும் மிஞ்சியதும், அவர்கள் வழி வந்தவர்கள் பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாத்தங்குடியில் கோயில் பெற்றதும்தான் எங்கள் குல வரலாற்றின் முதுகெலும்பு. இளையாத்தங்குடிக்கு அது தரும் ஆண்டு கி.பி. 707. மணிமேகலை சொல்லும் கடல்கோள், இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்ட செய்தி, அந்தக் காப்பியத்துக்குப் பெரும்பாலோர் கொடுக்கும் காலத்தின்படி 707-க்குப் பல தலைமுறை முந்தியது. இரண்டையும் ஒரே ராத்திரிக்குள் அடைத்தது நம் காலம்தான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கதைக்குள் கடல் பெருத்துவிட்டது.

நான் ஜியாலஜி படித்தவன். நிலத்தடி நீர் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. போர்வெல் போடுகிற இடத்தில் பத்தடிக்கு ஒரு குவியலாக மண்ணை வரிசையாகக் கொட்டிவைப்பார்கள். வீட்டுக்காரர் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்தக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புச் சரளை, மஞ்சள் களிமண், வெள்ளை மணல் என்று ஒவ்வொன்றும் இந்த இடம் வேறு எதுவாகவோ இருந்த ஒரு காலம். அந்தப் பழக்கத்தில் புகாரைப் பற்றியும் மண்ணைத்தான் கேட்கத் தோன்றியது. மண்ணிடம் கேட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. துறைமுகம் போனதால் ஆட்கள் போனார்களா, ஆட்கள் போனதால் துறைமுகம் போனதா?

கீழையூர் வயலில்

பூம்புகாருக்குப் போகிறவர்கள் கடற்கரைக்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போக நினைத்தது கீழையூருக்கு. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை கிடைத்தது. பெரிய பெரிய செங்கற்கள், அவற்றை ஒட்டிப் படகுகளைக் கட்டுவதற்காக ஊன்றியிருந்த மரத் தூண்களின் அடிக்கட்டைகள். ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள்.

அந்தப் படகுத்துறை கடலுக்குள் இல்லை. கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வயல்களும் தோப்புகளும் இருக்கும் தரையில், மண்ணுக்கடியில் கிடந்தது. படகு வந்து நின்ற இடம் கடல் கொள்ளாமல் மண் கொண்ட இடம். காவிரியின் பழைய கிளை ஒன்றோ கழியோ அங்கே ஓடியிருக்கிறது, பிறகு வண்டல் நிறைந்து மூடிவிட்டது. பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலங்கள் புகாருக்குள் நுழைந்ததாகப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு சொல்கிறது. அப்படியென்றால் அந்த முகத்துவாரத்துக்கு ஆழம் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அங்கே கடலில் கலக்கும் காவிரியைப் பார்த்தால் வாய்க்கால் என்றுதான் தோன்றும். வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போகிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு மிச்சமிருந்த வேகமும் போயிற்று.

கடல் கொள்ளவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வானகிரிப் பக்கம் அலை வந்து போகும் மணலில் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கிடைத்திருக்கின்றன. குடிதண்ணீர்க் கிணறு அலையில் நிற்கிறதென்றால் கரை உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதை அங்கே இன்றும் பார்க்கலாம். அந்தக் கோயிலைக் கொண்டுபோனது ஒரு ராத்திரி அலை அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் கரை அரிந்தது. ஆக, புகார் என்ற ஒரே ஊருக்கு இரண்டு சாவு. கடலைப் பார்த்திருந்த பக்கம் அரிந்து போனது. ஆற்றைப் பார்த்திருந்த பக்கம் மூடிப் போனது. நமக்குக் கதையாக வந்து சேர்ந்தது முதலாவது மட்டும். இரண்டாவதைப் பாடக் காப்பியம் இல்லை.

மூடிப்போனதுதான் தமிழ்க் கடற்கரையில் அதிகம். முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலைவிட்டு விலகி, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த மண் அதைக் கரையேற்றிவிட்டது. வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது, மார்க்கோ போலோ வந்து இறங்கியதெல்லாம் அந்தக் காயலில். அதுவும் மண்மூடி, கடைசியில் தூத்துக்குடி வந்தது. நமக்குப் பக்கத்திலிருக்கும் அழகன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகை முகத்துவாரத்தில் ரோமானியக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். இன்றைய வைகையோ பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டுவதில்லை.

சேறு சொல்வது

தொண்டியில் தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரச் சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு நிறம். அதற்குக் கீழே சட்டென்று கருப்பு. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் கந்தகத்தை மாற்றுவதால் வரும் கருப்பு அது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். விரலுக்கிடையில் உருட்டினால் கொழுக்கட்டை மாவு மாதிரி உருளும், உடையாது. இந்த மாதிரிச் சேறு அலையடிக்கிற இடத்தில் தங்காது. அலை மெலிந்த, தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில் மட்டும்தான் இவ்வளவு நுண்ணிய துகள் கீழே இறங்கும். பாக் நீரிணை பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்த, இலங்கை மறைத்து நிற்கிற கடல். 20,000 ஆண்டுக்கு முன்னால், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்த காலத்தில், அது நடந்து போகிற தரை. ஏறிய கடல் ஏறத்தாழ 7,000 ஆண்டுக்கு முன்புதான் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அதற்குப் பிறகு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் நம் கடற்கரைச் சமவெளியின் பெரும்பகுதி.

புதைந்த துறைமுகங்களைப் படிக்கிறவர்கள் தேடுவதும் அந்தக் கருஞ்சேற்றைத்தான். குழாயை இறக்கி மண்ணை அப்படியே உருளையாக எடுத்து நீளவாக்கில் பிளப்பார்கள். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது. அடியில் சிப்பி கலந்த கடற்கரை மணல், மனிதன் கை வைக்காத கரை. அதற்கு மேல் திடீரென்று நுண்ணிய கருஞ்சேறு. அலைதடுப்பு கட்டினார்கள், தண்ணீர் அமைதியானது, சேறு இறங்கத் தொடங்கியது. அந்தச் சேற்றுக்குள்ளே பானை ஓடு, எலும்பு, மரச்சிராய், கயிறு, ஒலிவக் கொட்டை என்று ஊர்க் குப்பை அத்தனையும் இருக்கும். அதற்கும் மேலே ஆற்று மணலோ, நன்னீர் நத்தை கிடக்கும் சதுப்பு மண்ணோ, கடைசியில் வயல். துறைமுகம் பிறந்தது, வாழ்ந்தது, கைவிடப்பட்டது மூன்றும் ஒரே உருளையில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு. மீதியைச் சல்லடையில் பார்க்க வேண்டும். 63 மைக்ரான் சல்லடையில் மண்ணைக் கழுவி, தங்கியதை உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தால் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் தெரியும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சின்னவை. கல்லூரியில் ஈரத் தூரிகை முனையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் ஒட்டியபோது எனக்கு நேரம் போவதே தெரியாது. சில இனங்களுக்குத் திறந்த கடலின் உப்பு வேண்டும். அம்மோனியா என்ற இனம் ஆற்றுநீரும் கடல்நீரும் மாறி மாறி வரும் கழியிலும் தாக்குப்பிடிக்கும். ஒரு அடுக்கில் திறந்த கடல் இனங்கள் குறைந்து அம்மோனியா மட்டும் மண்டிக் கிடந்தால் வாய் அடைபட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஆஸ்ட்ரகோட் என்ற குட்டி ஓட்டுயிரிகளில் சைப்ரிடெய்ஸ் என்ற ஒன்று, உப்பு குறைந்த தண்ணீரில் வளர்ந்தால் ஓட்டில் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். மகரந்தமும் கிடைக்கும், சுரபுன்னைக் காடு எங்கே நின்றது, எப்போது அழிந்தது என்பதை அது சொல்லிவிடும். ரோமின் துறைமுகமான போர்ட்டஸின் சேற்றில் ஈயத்தை அளந்து, ரோம் நகரக் குழாய்த் தண்ணீரில் அந்தப் பகுதி ஊற்றுநீரைவிட ஏறத்தாழ 100 மடங்கு ஈயம் இருந்திருக்கும் என்று 2014-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரு நகரம் எதைக் குடித்தது என்பதைத் துறைமுகத்துச் சேறு வைத்திருந்திருக்கிறது.

சரி, ஒரு ராத்திரி அலை வந்திருந்தால்? அதுவும் மண்ணில் இருக்கும். 2004-க்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் நிலவியலாளர்கள் அந்த அலை விட்டுப்போன மணலை அளந்தார்கள். பழைய தரையை அரித்துவிட்டு அதன்மேல் சட்டென்று உட்கார்ந்த மணல். அடியில் பருமன், மேலே போகப் போக நுண்மை. கரையிலிருந்து உள்ளே போகப் போக மெலிந்து மறைந்துவிடும். கரைக்கு அப்பால் கடலுக்குள் வாழும் உயிர்களின் ஓடுகள் தரைமேல் வந்து கிடக்கும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மணலுக்கு மேலே இருக்கும் அடுக்கு. கி.பி. 365-இல் அலெக்சாந்திரியாவைப் பேரலை அடித்தது, துறைமுகம் பிறகும் நடந்தது. நாகப்பட்டினத்தில் 2004-இல் படகுகள் ஊருக்குள் வந்து கிடந்தன, இன்றைக்கு அதே இடத்திலிருந்து கடலுக்குப் போகிறார்கள். அலை ஒரு ஊரை அடிக்கலாம். ஊர் முடிந்ததா என்பதை மறுநாள் காலை அந்த மணலை வாரிக் கொட்ட எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

கண்மாய்க்குள் நின்றபோது

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். உறைத்தது எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில்.

தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். கோடையில் கண்மாய் காய்ந்ததும் விவசாயிகள் அனுமதி வாங்கி வண்டல் மண் எடுக்கிறார்கள், வயலுக்கு அடிக்க. பக்கத்தில் போர் பார்க்கப் போனவன் டிராக்டர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கினேன். ஜேசிபி அள்ளிய இடத்தில் ஆளுயரத்துக்குச் சுவர் மாதிரி ஒரு வெட்டு நின்றது. வாளியின் பற்கள் இழுத்த கோடுகளை மண்வெட்டியால் சுரண்டிவிட்டு, கையோடு இருந்த தண்ணீர் பாட்டிலைத் தெளித்தேன். ஈரம் பட்டதும் அடுக்குகள் துலங்கின. மேலே வெடித்துக் கிடந்த சாம்பல் நிறக் களி. அதற்குள்ளே நூல் கனத்தில் மணல் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு பெருவெள்ளம். முழங்கால் மட்டத்தில் நத்தை ஓடுகள் நொறுங்கிக் கிடந்த ஒரு பட்டை. அந்த ஆண்டுகளில் தண்ணீர் வற்றாமல் நின்றிருக்க வேண்டும். அதற்குக் கீழே சுண்ணாம்பு உருண்டைகள் கலந்த மஞ்சள் மண், வறண்ட காலத்தின் அடையாளம். அடியில் நம் ஊர்ச் செம்பாறைச் சரளை, கண்மாய் வருவதற்கு முன்பு இருந்த தரை.

அடுக்குகள் கிடைமட்டமாக ஓடி வந்து ஓரிடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுவிட்டன. மணல் கோடு இல்லை, நத்தைப் பட்டை இல்லை. ஒரு சரிவுக் கோடு கீழே இறங்கிச் சரளையைத் தொட்டது. அந்தப் பள்ளம் முழுக்க மேலே இருந்த சாம்பல் களி. எனக்குப் பழக்கமான மொழியில் அதற்குப் பெயர் இடைவெளி, காணாமல் போன காலம். வெள்ளம் அரித்துக்கொண்டு போன ஓடையாக இருக்கும் என்று நினைத்துக் குறிப்பில் அப்படியே எழுதப் போனேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அந்தக் கண்மாயில் தலைமுறையாக மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற குடும்பம்.

"என்ன தம்பி, அப்படிப் பாக்குறீக?"

"இந்த எடத்துல மண்ணைக் காணோமே ஐயா, அதான் பாக்குறேன்."

அவர் வெட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சரிவுக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "தண்ணி அறுத்தா இப்படியா இருக்கும்? படி படியா இருக்கு பாருங்க. மம்பட்டி போட்ட படி. இந்தா, இங்ஙனருந்து மடைக்கு நேரா போகுது. மண்ணு இல்லாத எடத்துலதான் தம்பி ஆளு இருந்திருக்கான். இந்தா மேல கெடக்குதே, மெத்தை கணக்கா, அது நாங்க சும்மா இருந்த காலம்."

திரும்பவும் பார்த்தேன். சரிவில் கையளவு கையளவாகப் படிகள் இருந்தன. ஒரு காலத்தில் ஊரே கூடி, வீட்டுக்கு ஒரு ஆள் என்று குடிமராமத்தில் இறங்கி, மடைக்குத் தண்ணீர் வரும் வழியைச் சரளை தெரியும்வரை சுத்தம் செய்திருக்கிறது. அது நின்றுபோன பிறகு படிந்ததுதான் மேலே தடிமனாகக் கிடந்த களி. நான் அடுக்குகளை எண்ணி வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அடுக்கே இல்லாத இடத்தில்தான் மனிதர்களின் உழைப்பு இருந்தது. தடித்து, கலையாமல், பார்க்க அழகாக வரிசையாகக் கிடந்த இடம் ஒருவரும் எட்டிப் பார்க்காத காலத்துடையது.

அன்று இரவு தூங்குவதற்கு முன் மத்தியதரைக் கடல் துறைமுகங்களைப் பற்றி வைத்திருந்த குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன். அங்கேயும் இதேதான் இருந்தது, நான் சரியாக நின்று படிக்காத பத்திகளில். நேப்பிள்ஸில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டியபோது பழைய துறைமுகத்தின் அடித்தரையில், மென்பாறையைக் கீறிக்கொண்டு தூர்வாரிய தடங்கள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. மார்சேயில் நகரத்துக்கு அடியில் கண்டெடுத்த ரோமானியக் காலக் கலங்களில் மூன்று தூர்வாரும் படகுகள். சேற்றை அள்ளுவதற்காக நடுவில் திறப்பு விட்டுக் கட்டியவை. இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசு துறைமுகத்தின் கதை இன்னும் உருக்கமானது. ஆற்று மண்ணைத் தடுக்கலாம் என்று நம்பி பெர்கமம் நாட்டு அட்டலஸ் அரசனின் பொறியாளர்கள் வாயைக் குறுக்கினார்கள். உள்ளே வந்த மண் வெளியே போக வழியில்லாமல் துறைமுகம் இன்னும் மேடாயிற்று என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். பிறகு கி.பி. முதல் நூற்றாண்டில் பாரியா சொரானஸ் என்ற ஆளுநர் தூர் வாரினார். 2ஆம் நூற்றாண்டில் இன்னொரு ஆளுநர், கரையில் மரத்தைக் குவிக்கக் கூடாது, சலவைக்கல் அறுத்த தூளைத் தண்ணீரில் கொட்டக் கூடாது என்று ஆணையிட்டார். நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஊர் சேற்றோடு மல்லுக்கட்டியது. ஆறு ஒருநாளும் ஓயவில்லை, ஊர் ஓய்ந்தபோது துறைமுகம் முடிந்தது. இன்றைக்கு எபேசிலிருந்து கடலைப் பார்க்கக் கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டும்.

எது முதலில்

ஆற்று வாயில் இருக்கும் துறைமுகம் பிறந்த நாளிலிருந்தே மூடிக்கொண்டுதான் இருக்கும். அதைத் திறந்து வைத்திருப்பது ஆள், காசு, அவசியம் மூன்றும்தான். காவிரி அளவுக்கு வண்டல் சுமக்கும் ஆற்றின் வாயில் பெருங்கலங்கள் பாரத்தோடு நுழைந்தன என்றால், அந்த ஆழத்தில் கொஞ்சமாவது வணிகர்களின் செலவில் வந்த ஆழம் என்று நான் நம்புகிறேன். அந்த வணிகர்கள் அரசனோடு பகைத்தோ, வணிகம் வேறு திசைக்குப் போனதாலோ, இல்லை அலைக்குப் பயந்தோ நகர ஆரம்பித்தால் அடுத்த வெள்ளத்துக்கே வித்தியாசம் தெரியும். யாருக்கும் கோபம் வர வேண்டியதில்லை, இந்திரனுக்குக்கூட. என் மனம் அப்பத்தா சொன்ன வரிசையின் பக்கம் சாய்கிறது: முதலில் ராசா, பிறகுதான் கடல்.

மண்ணுக்கு வயது பார்க்க வழி இருக்கிறது. இலை, விதை, கரித்துண்டு இருந்தால் கரிமக் கணிப்பு. கடல் சிப்பியை வைத்துச் செய்தால் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். மணல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த மணிகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று ஒளிர்வு முறையில் அளக்கலாம். புகாரின் பழைய கால்வாய்களில் தேட வேண்டியது கடைசியாகத் தூர் எடுத்த தடம். அந்தத் தடத்துக்கு நேர் மேலே படிந்த முதல் சேற்றின் வயது, ஊர் கைவிட்ட ஆண்டுக்கு மிகப் பக்கத்தில் வந்து நிற்கும். அதை 707-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

அதனால்தான் அகழாய்வுக் குழியின் ஓரத்தில் கொட்டப்படும் மண்ணைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பானை ஓடு பெட்டிக்குப் போகிறது, காசு அருங்காட்சியகத்துக்குப் போகிறது, அவற்றைப் பிடித்து வைத்திருந்த மண் குவியலாகி மழையில் கரைகிறது. துறைமுகத் தலங்களில் மட்டுமாவது ஒவ்வொரு குழியிலிருந்தும் அடியிலிருந்து நுனிவரை ஒரு மண்பத்தையை உடையாமல் எடுத்து வைக்க வேண்டும். இன்றைக்கு அதைப் படிக்க ஆளோ பணமோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மண் காத்திருக்கும்.

செட்டிநாட்டுக்கும் இது பொருந்தும். ஓடு வேய்ந்த கூரையிலிருந்து உள்முற்றமான வளவுக்கும், வளவிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் தண்ணீரைக் கொண்டுபோன ஊர்கள் இவை. ஊருணியைச் சுற்றிப் படி கட்டி, ஆண்டுதோறும் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறோம். பல ஊர்களில் ஊருணிப் படியில் கீழ்ப்படிகள் தெரிவதில்லை, வண்டலுக்குள் இருக்கின்றன. நம்மை எந்த அலையும் வந்து அடிக்கவில்லை.

தொண்டி, திருப்பாலைக்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரு கேட்பு. இறால் பண்ணைக்கோ வீட்டு அஸ்திவாரத்துக்கோ செப்டிக் டேங்குக்கோ குழி எடுக்கும்போது, கடலிலிருந்து உள்ளே தள்ளிய இடத்தில், செம்மண்ணையோ மணலையோ தாண்டிக் கருஞ்சேறு வந்தால், அதுவும் பானை ஓட்டோடு வந்தால், குழியை மூடுவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்புங்கள். வெட்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஜேசிபி படாமல் விட்டுவையுங்கள். தண்ணீர் தெளித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அடுக்குக்கு ஒரு பை மண் எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். அரைநாள் வேலை, அதற்கு மேல் உங்கள் வேலையை நிறுத்த மாட்டேன்.